மருந்து மாறியபோது: பம்ப் வகை ரவைத் துப்பாக்கியின் சோதனையும் தூய்மையும்

புதிய துப்பாக்கியை நம்பலாமா என்ற ஐயம் துப்பாக்கித் தொழிலளவு பழமையானது. குழல் வெடித்தால் அதைத் தாங்கும் கையே முதலில் சிதையும். இந்த ஐயத்தைப் போக்கவே பார்வையிடல், வெடித்துச் சோதித்தல், துடைத்துப் பேணல் என்னும் வழக்கங்கள் உருவாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெடிமருந்து மாறியபோது இவை அனைத்தும் நிலைகுலைந்தன. ஒரு சான்று எந்த மருந்துக்கு வழங்கப்பட்டதோ அம்மருந்துக்கே செல்லும் என்பதை அமெரிக்கப் பம்ப் வகை ரவைத் துப்பாக்கியின் தொடக்க வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

சான்று வழங்கும் முறைக்கு இங்கிலாந்தே சிறந்த எடுத்துக்காட்டு. 1637இல் அரச சாசனம் பெற்ற இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் இரு முத்திரைகளைப் பயன்படுத்தியது. முடியுடன் கூடிய ‘வி’ என்ற எழுத்து, குழல் கண்ணால் பார்வையிடப்பட்டதைக் குறித்தது. ‘ஜிபி’ என்ற எழுத்துகள் வெடித்துச் சோதிக்கப்பட்டதைக் குறித்தன. வழக்கமான அளவைவிட மிகுதியான மருந்தைக் கெட்டித்து, ஆள் விலகி நின்று வெடிக்கச் செய்வதே சோதனை. பிளவோ வீக்கமோ இல்லாத குழலுக்கு மட்டுமே முத்திரை கிட்டியது. 1813இல் பர்மிங்காம் சோதனை நிலையம் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. சோதிக்கப்படாத குழலை விற்பது தண்டனைக்குரியதாயிற்று. வாங்குபவரின் ஐயம் அதன்மூலம் அரசின் பொறுப்பானது.

அமெரிக்காவில் இத்தகைய சட்டம் எழவில்லை. அங்கே சோதனையும் முத்திரையும் உற்பத்தியாளரின் கையிலேயே இருந்தன. கிறிஸ்டோபர் ஸ்பென்சரும் சில்வெஸ்டர் ரோப்பரும் 1880களில் வணிக அளவில் வெற்றிபெற்ற முதல் பம்ப் வகைத் துப்பாக்கியை உருவாக்கினர். குழலுக்குக் கீழுள்ள கைப்பிடியைப் பின்னிழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியேறும். முன்தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் நுழையும். ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1893 மாதிரி இம்முறையைப் பரவலாக்கியது. ஆனால் அது கருமருந்துத் தோட்டாவுக்கென வடிவமைக்கப்பட்டது.

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவை சேர்ந்த கருமருந்தின் இடத்தை அக்காலத்தில் புகையற்ற மருந்து கைப்பற்றிக்கொண்டிருந்தது. கருமருந்தை அளந்த அதே அளவையால் அடர்த்தியான புகையற்ற மருந்தை அளந்து கெட்டித்தால், அழுத்தம் குழலின் தாங்குதிறனைக் கடந்துவிடும். (பழைய அளவை இன்றும் மறையவில்லை, ரவைத் தோட்டாப் பெட்டிகளில் கருமருந்துக்கு ஈடான ‘டிராம்’ கணக்கு இன்னும் அச்சிடப்படுகிறது.) 1893 மாதிரி வெளிவந்த காலத்தில் உலகம் வேறு மருந்துக்கு மாறிக்கொண்டிருந்தது. நான்கே ஆண்டுகளில் வந்த 1897 மாதிரியில் உடற்பகுதி வலுவாக்கப்பட்டது, மேற்புறம் மூடப்பட்டது, இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவை ஏற்கும்படி நீட்டப்பட்டது. 1957 வரை பத்து இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியான இத்துப்பாக்கி, முதல் உலகப்போரில் பதுங்குகுழிப் போருக்கும் பயன்பட்டது. பிரிட்டனிலோ புகையற்ற மருந்துக்கெனத் தனிச் சோதனையும் தனி முத்திரையும் ஏற்பட்டன. பழைய முத்திரையை மட்டும் தாங்கிய குழல் புதிய மருந்துக்குச் சான்று பெறாத குழலாகவே கருதப்படும்.

தூய்மை செய்யும் வழக்கத்தில் நிகழ்ந்த குழப்பம் இதைவிட நுட்பமானது. கருமருந்து குழலுக்குள் கரிய கசடை மிகுதியாக விட்டுச்செல்லும். ஆதலால் வெந்நீரூற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுவது அன்றாடப் பழக்கமாயிருந்தது. புகையற்ற மருந்து மிகக் குறைந்த கசடையே விட்டதால் நீர் தேவையற்றதாகத் தோன்றியது. எண்ணெய்த் துணியே போதுமெனக் கருதினர். ஆயினும் பளபளத்த குழல்கள் சில நாள்களில் துருப்பிடித்தன. பழி புதிய மருந்தின்மேல் விழுந்தது.

குற்றவாளி வேறு. தோட்டாவின் அடியிலுள்ள பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். சமையலுப்பை ஒத்த இவ்வுப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் இதைக் கரைக்காது, நீரே கரைக்கும். கருமருந்துக் காலத்தவர் கசடைப் போக்க ஊற்றிய வெந்நீர், அவர்கள் அறியாமலே உப்பையும் போக்கியிருந்தது. அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப் 1922இல் வெளியிட்ட ஆய்வு, எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலும் துரு ஏறுவதன் காரணத்தை விளக்கியது. 1926இல் ரெமிங்டன் நிறுவனம் குளோரேட் நீக்கிய பற்றுமருந்தை ‘கிளீன்போர்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது.

புதிய துப்பாக்கியை முதன்முறை சுடுவதற்கு முன்பே துடைக்கும் வழக்கத்துக்கு மட்டும் மருந்தோடு தொடர்பில்லை. தொழிற்சாலையிலிருந்து வாங்குபவரிடம் சேரும்வரை துரு ஏறாதிருக்கப் பூசப்படும் தடித்த பசையை நீக்குவதே அதன் நோக்கம். அப்பசை இயங்குறுப்புகளைத் தடுக்கும். குழலில் திரண்டு நின்றால் அழுத்தத்தையும் உயர்த்தும். ஆகவே குழலின் இரு முனைகளும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கப்படுகின்றன. ‘வி’ முத்திரை குத்திய இலண்டன் பார்வையாளரும் கண்ணையே நம்பியிருந்தார்.