பதினொரு ஆண்டுகளின் பின் மான் தீவில்

1978ஆம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்தில் மைக் ஹெயில்வூட் மீண்டும் கலந்துகொள்வார் என்ற செய்தி வெளிவந்தபோது மகிழ்ந்தோர் பலர், அஞ்சியோரும் பலர். அவருக்கு அப்பொழுது வயது 38. அத்தீவில் அவர் இறுதியாக ஓடிப் பதினொரு ஆண்டுகள் கழிந்துவிட்டன. கார்ப் பந்தய விபத்தொன்றிற் சிதைந்த வலது கால் பழைய நிலைக்கு மீளவில்லை. இத்தகைய ஒருவர் ஓய்வை விட்டு மீள்வதாயின் எளிதான களமொன்றையே நாடுவார் என்று எவரும் எதிர்பார்ப்பர். அவரோ மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோரின் உயிரை அதிகமாகக் குடித்த வீதிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். அத்தெரிவு மடமையா, மதிநுட்பமா என்பது ஆராயத்தக்கது.

மான் தீவு என்றதும் புள்ளிமான்களை நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலிலுள்ள ஒரு சிறு தீவு. மான் என்பது அதன் பெயர் மாத்திரமே. பொதுவீதிகளை மூடிப் பந்தயம் நடத்த இங்கிலாந்தின் சட்டம் இடந்தராத காலத்தில், தனக்கெனப் பாராளுமன்றமுடைய இத்தீவு இடங்கொடுத்தது. 1907இல் மோட்டார்ச் சைக்கிள்களுக்கான ரி.ரி. பந்தயம் அங்கு தொடங்கிற்று. 1911 தொடக்கம் அது ஸ்நேபெல் மலைச்சாரலில் ஏறி இறங்கும் நெடும்பாதைக்கு மாறியது. பிற்காலத்தில் நிலைபெற்ற பாதையில் ஒரு சுற்று 37¾ மைல். வளைவுகள் இருநூறுக்கு மேல். ஓரங்களிற் கல்மதில்களும் வீட்டு வாயில்களும் கம்பங்களும் நிற்கும். வீரர்கள் கூட்டமாகப் புறப்படுவதில்லை. சில விநாடி இடைவெளி விட்டு அனுப்பப்படுவர். ஆகவே அங்கு ஒருவர் மற்றொருவரோடு தோளுரசி ஓடுவதிலும் பார்க்கக் கடிகாரத்தோடு ஓடுவதே பெரிது. எந்த வளைவின் பின் எந்த வளைவு வரும், எந்த மதிலின் நிழலில் வீதி ஈரமாயிருக்கும் என்பவற்றை மனத்திற் பதித்து வைத்திருப்பவனே அங்கு விரைந்து செல்ல இயலும்.

ஹெயில்வூட் அவ்வாறு பதித்து வைத்திருந்தவர். 1940இல் இங்கிலாந்திற் பிறந்து, 1981இல் சாதாரண வீதி விபத்தொன்றில் உயிர்நீத்த அவர், மோட்டார்ச் சைக்கிள் வாணிபத்திற் பொருளீட்டிய ஒருவரின் மகன். 1958இல் முதன்முறையாக மான் தீவில் ஓடினார். 1961இல் ஒரே வாரத்தில் அங்கு மூன்று பந்தயங்களை வென்றார். அதற்குமுன் எவரும் அதனைச் செய்ததில்லை. 1962 முதல் 1965 வரை 500 கன சென்ரிமீற்றர் வகுப்பில் நான்கு முறை தொடர்ந்து உலகப் பட்டம் பெற்றார். மற்றைய வகுப்புக்களையுஞ் சேர்த்தால் ஒன்பது பட்டங்கள். 1967இல் இத்தாலியரான அகொஸ்தினியுடன் அவர் மான் தீவில் நடத்திய போட்டி இன்றும் பேசப்படுவது. ஓட்டத்தின் நடுவில் அவருடைய ஹொண்டாவின் அக்சிலேற்றர் கைப்பிடி கழன்றுவரலாயிற்று. எண்ணெய் நிரப்ப நிறுத்தியபோது சுத்தியலொன்றை வாங்கி அதனை அடித்து இறுக்கிவிட்டு மீண்டும் பாய்ந்தார். அகொஸ்தினியின் செயின் அறுந்தது, வெற்றி ஹெயில்வூட்டுக்காயிற்று. அன்று ஒரு சுற்றில் அவர் பெற்ற மணிக்கு 108.77 மைல் வேகத்தை 1975 வரை எவரும் விஞ்சவில்லை.

ஹொண்டா நிறுவனம் பந்தயத்திலிருந்து விலகியதும் அவர் கார்ப் பந்தயத்திற்குச் சென்றார். 1973இல் தென்னாபிரிக்காவில், எரிந்துகொண்டிருந்த காரிலிருந்து றெகசோனி என்னும் வீரரைக் காப்பாற்ற முயன்று, தம் உடையிலேயே தீப்பற்றியும் பின்வாங்காது மீட்டமைக்காக ஜோர்ஜ் பதக்கம் பெற்றார். மறு ஆண்டு ஜேர்மனியில் நேர்ந்த விபத்தோடு அவ்வாழ்வும் முடிந்தது. பின்பு நியூசிலாந்திற் குடியேறினார்.

அவர் இல்லாத காலத்தில் மோட்டார்ச் சைக்கிள் பந்தயமே வேறொன்றாகிவிட்டது. அவர் ஓட்டிப் புகழ்பெற்ற பெரிய வண்டிகள் நாலடிப்பு எஞ்சின்களையுடையவை. 1975 தொடக்கம் 500 வகுப்பின் உலகப் பட்டம் ஈரடிப்பு எஞ்சின்களின் கைக்குச் சென்றது. அவை பாரம் குறைந்தவை. ஆயின் குறுகிய ஒரு வேக எல்லைக்குள் மாத்திரம் வெடித்தெழும் ஆற்றல் கொண்டவை. கோடுகளற்ற வழுவழுப்பான ரயர்கள் வந்தன. இளைஞர்கள் வளைவுகளில் ஆசனத்திலிருந்து உடலை வெளியே தொங்கவிட்டு ஓடக் கற்றனர். ஹெயில்வூட்டோ வண்டியோடு வண்டியாக ஒடுங்கி அமர்ந்து ஓடியவர். பரி ஷீன், கெனி றொபேட்ஸ் போன்றோர் ஆட்சி செலுத்திய உலகப் பட்டப் பந்தயத்திற்கு அவர் சென்றிருந்தால், முப்பத்தெட்டு வயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும்.

மான் தீவின் நிலையும் மாறியிருந்தது. 1972இல் பார்லொத்தி என்னும் இத்தாலிய வீரர் அங்கு மழையில் விழுந்து இறந்தபின், அகொஸ்தினியும் பில் றீட்டும் அப்பாதையைப் புறக்கணித்தனர். 1976உடன் அத்தீவு உலகப் பட்டத் தொடரிலிருந்து நீக்கப்பட்டது. அவ்விழப்பை ஈடுசெய்ய 1977இல் 'போர்முலா ஒன்று' என்றொரு புதிய வகைப் பந்தயம் வகுக்கப்பட்டது. கடைகளில் விற்கப்படும் வண்டிகளின் எஞ்சின்களை அடிப்படையாகக் கொண்டவையே அதில் ஓடலாம். நாலடிப்பு எஞ்சினாயின் 1,000 கன சென்ரிமீற்றர் வரை. காலத்தின் போக்கில் ஒதுக்கப்பட்ட எஞ்சினுக்கு, காலத்தின் போக்கில் ஒதுக்கப்பட்ட வீதியில் ஒரு களம் இவ்வாறு திறந்தது.

அக்களம் தமக்கு ஏற்றது என்பதை ஹெயில்வூட் கண்டுகொண்டார். எடுத்த எடுப்பில் அவர் அதிற் குதித்துவிடவுமில்லை. 1977இல் அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற ஆறு மணிநேரப் பந்தயமொன்றில் வேறொருவருடன் மாறிமாறி டுக்காட்டி வண்டியை ஓட்டி ஆறாம் இடம்பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்திலே, மன்செஸ்டர் நகர வணிகரான ஸ்டீவ் வின் என்பவருடன் பேசி, மறு ஆண்டில் அவருடைய டுக்காட்டியை மான் தீவில் ஓட்ட உடன்பட்டார். இரண்டே உருளைகள், 864 கன சென்ரிமீற்றர். வேகத்தில் அது ஹொண்டாவுக்கு ஈடாகாது. ஆயினும் எந்த வேகத்திலும் ஒரே சீராக இழுக்கும்; நெடிய வளைவுகளில் ஆடாது அசையாது செல்லும். அவருடைய கைகள் அறிந்திருந்த எஞ்சின் வகை அது.

1978 யூன் 3ஆந் திகதி ஆறு சுற்றுக்களைக் கொண்ட அப்பந்தயம் நடந்தது. முந்திய ஆண்டில் வென்றவரும், ஹெயில்வூட்டின் பழைய எதிரியுமான பில் றீட், ஹொண்டாவில் ஐம்பது விநாடி முன்னதாகப் புறப்பட்டார். அந்த ஐம்பது விநாடியையும் ஹெயில்வூட் சிறிது சிறிதாக அரித்துச் சென்று, றீட்டை வீதியிலேயே எட்டிப் பிடித்தார். இருவரும் முன்பின்னாகச் சென்றுகொண்டிருக்கையில், ஐந்தாம் சுற்றில் றீட்டின் எஞ்சின் கைவிட்டது. ஹெயில்வூட் மணிக்கு 108.51 மைல் சராசரி வேகத்தில், இரண்டாமவருக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் முந்தி வந்தார். அவ்வகுப்பின் உலகப் பட்டமும் அந்த ஒரே பந்தயத்தால் அவருக்குரியதாயிற்று; அது அவரது பத்தாவது. எல்லைக்கோட்டை அடைந்த அளவில் டுக்காட்டியின் எஞ்சினுள் ஒரு பற்சில்லு முறிந்திருந்தது பின்னர் தெரியவந்தது. இன்னுஞ் சில மைல் இருந்திருப்பின் இக்கதை வேறாகியிருக்கும்.

தலைசிறந்த இளைஞர்கள் வராத இடத்தில் வென்றார் என்று குறைகூறுவோர் உளர். அதில் உண்மையுண்டு. ஆனால் அவ்வாரத்தில் நிகழ்ந்த வேறொன்றையும் நோக்க வேண்டும். அதே தீவில், அதே பாதையில் அவர் ஈரடிப்பு யமஹாக்களையும் ஓட்டினார். 500 வகுப்பில் அவர் பெற்றது 28ஆம் இடம். 250 வகுப்பில் 12ஆம் இடம். பெரிய யமஹாவோ பந்தயத்தை முடிக்கவேயில்லை. யமஹாக்கள் மாத்திரம் கிடைத்திருந்தால், அவ்வாண்டு ஒரு பழைய வீரனின் பரிதாபமான பயணமாகவே எண்ணப்பட்டிருக்கும்.

எனினும் இதனைக் கொண்டு, பழையவருக்குப் பழைய எஞ்சினே பொருந்தும் என முடிவுகட்டிவிடவும் இயலாது. 1979இல் அவர் மீண்டும் வந்தபோது டுக்காட்டி அவரை ஐந்தாம் இடத்தில் விட்டது. அவ்வாண்டு 500 வகுப்பில் அவருக்கு வெற்றி தந்ததோ ஈரடிப்பு எஞ்சினுடைய சுசுக்கி. ஒரு சுற்றில் மணிக்கு 114.02 மைல் என்ற புதிய வேகமும் அதனாலேயே கிடைத்தது. அது மான் தீவில் அவர் பெற்ற 14ஆவது வெற்றி. அதே சுசுக்கியில் அவ்வார இறுதிப் பந்தயத்திற்கும் சென்றார். ஆறு சுற்றுக்கள், 226 மைல், பெரிய ஹொண்டாவில் அலெக்ஸ் ஜோர்ஜ். 3.4 விநாடியால் ஹெயில்வூட் தோற்றார். அதன் பின்னர் அத்தீவில் அவர் போட்டியிடவில்லை.