நூறு சொல்லுக்கு நாலு சென்ட்: பார்ட்டில்பி என்ற குமாஸ்தா

ஒரு டாலர் சம்பாதிக்க 2,500 சொற்கள் எழுத வேண்டும். அதுவும் சொந்தச் சொற்கள் இல்லை. யாரோ சொன்ன சாட்சியம், யாரோ வாங்கிய நிலத்தின் பத்திரம். அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் எழுதிய 'பார்ட்டில்பி' சிறுகதையில் நகலெடுக்கும் குமாஸ்தாவுக்குக் கிடைக்கும் கூலி இதுதான். நூறு சொல்லுக்கு நாலு சென்ட். வழக்கமான கூலி அதுதான் என்று கதையைச் சொல்லும் வக்கீலே கணக்குச் சொல்கிறார்.

1853ஆம் வருடம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் 'புட்னம்ஸ் மந்த்லி' என்ற பத்திரிகையில் இரண்டு பகுதிகளாக, எழுதியவர் பெயர் இல்லாமல் வந்த கதை இது. 'வால் ஸ்ட்ரீட் கதை' என்பது அதன் துணைத்தலைப்பு. பார்ட்டில்பி ஒரு மனநோயாளி என்பவர்கள் உண்டு. புரட்சிக்காரன் என்பவர்களும், ஞானி என்பவர்களும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் போவதற்கு முன் ஒரு எளிய கேள்வி இருக்கிறது. அந்த ஆபீஸில் என்ன வேலை நடந்தது? எந்த வேலைக்குக் கூலி, எந்த வேலைக்கு இல்லை? இதைப் பார்த்துவிட்டால் கதை வேறு மாதிரி தெரிகிறது.

கதை என்ன?

வக்கீலுக்கு அறுபது வயதை ஒட்டி. கோர்ட்டில் ஏறி வாதாடுபவர் அல்ல. பணக்காரர்களின் பத்திரங்களையும் அடமானங்களையும் பார்த்துக்கொண்டு நிம்மதியாக வாழ்பவர். ஜான் ஜேக்கப் ஆஸ்டருக்கு வேலை செய்தேன் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. 1848இல் இறந்த ஆஸ்டர் அன்றைய அமெரிக்காவின் முதல் பணக்காரர். ஆபீஸில் ஏற்கெனவே இரண்டு குமாஸ்தாக்கள், ஒரு எடுபிடிப் பையன். அவர்களுக்குப் பெயர்கூட இல்லை, பட்டப்பெயர்கள்தான். 'டர்க்கி' வயதானவர், மதியத்துக்கு மேல் மை சிந்துவார். 'நிப்பர்ஸ்' இளைஞர், காலையில் அஜீரணத்தோடு எரிந்து விழுவார். ஆக, இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு நாள் வேலை தேறும்! பையன் 'ஜிஞ்சர் நட்', பன்னிரண்டு வயது, வாரம் ஒரு டாலர்.

வேலை அதிகமாகி, புதிதாகச் சேர்க்கப்பட்டவன்தான் பார்ட்டில்பி. ஆரம்பத்தில் பசித்தவன் சாப்பிடுவதுபோல் இரவும் பகலும் எழுதித் தள்ளுகிறான். மூன்றாவது நாள் வக்கீல் ஒரு சின்ன வேலைக்குக் கூப்பிடுகிறார். தனக்கு அதில் விருப்பமில்லை என்று மிகவும் பணிவாகச் சொல்லிவிடுகிறான். கோபம் இல்லை, காரணமும் இல்லை. அடுத்தடுத்து வேறு வேலைகளுக்கும் அதே பதில். கடைசியில் நகலெடுப்பதையும் நிறுத்துகிறான், ஆனால் ஆபீஸை விட்டுப் போகவும் மறுக்கிறான். வக்கீல்தான் ஆபீஸைக் காலி செய்துகொண்டு ஓடுகிறார். கட்டிட உரிமையாளர் போலீஸைக் கூப்பிட, போக்கிடம் இல்லாதவன் என்று பார்ட்டில்பியை 'டூம்ப்ஸ்' சிறையில் அடைக்கிறார்கள். அங்கே சாப்பிடாமல் கிடந்து, ஒரு சுவரோரம் சுருண்டு இறந்துபோகிறான்.

மறுத்த முதல் வேலை எது?

இங்கேதான் கவனிக்க வேண்டும். பார்ட்டில்பி முதலில் மறுத்தது எழுதுவதை அல்ல. எழுதிய நகலை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதைத்தான்.

டைப்ரைட்டர் கடைகளுக்கு வந்தது 1870களில். 1840களில் ஒரு சட்ட ஆவணத்துக்கு நாலு பிரதி வேண்டும் என்றால் நாலு முறை கையால் எழுத வேண்டும். பிறகு ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு நகலை வைத்துக்கொண்டு சொல் சொல்லாக ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு கமா விடுபட்டாலும் வழக்கு கெட்டுப்போகலாம். ஆகவே இது அவசியமான வேலை, அதேசமயம் உயிரை வாங்கும் வேலை.

இதற்குக் கூலி? நூறு சொல்லுக்கு நாலு சென்ட் என்பது நகலெடுக்க. பீஸ் ரேட். சரிபார்க்கும் நேரத்துக்குத் தனியாக எதுவும் கதையில் பேசப்படவில்லை. இதை நிப்பர்ஸ் ஒரு இடத்தில் உடைத்துச் சொல்லிவிடுகிறான்: அடுத்தவன் வேலையைக் காசு வாங்காமல் செய்வது இதுவே முதலும் கடைசியும் என்று முணுமுணுக்கிறான். வக்கீல் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. பார்ட்டில்பி அதே விஷயத்தை முணுமுணுக்காமல், முகத்துக்கு நேரே, மரியாதையாக மறுக்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான்!

அடுத்தது கண். பார்ட்டில்பியின் மேஜை ஒரு சின்ன ஜன்னலை ஒட்டிப் போடப்படுகிறது. ஜன்னலுக்கு மூன்றடி தூரத்தில் ஒரு சுவர், வெளிச்சம் மேலிருந்து கசிந்து வந்தால் உண்டு. பக்கத்தில் ஒரு பச்சைத் தடுப்பு. ஆள் கண்ணில் படக்கூடாது, கூப்பிட்டால் குரல் கேட்க வேண்டும். வக்கீலுக்கு அது நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. நகலெடுப்பதை நிறுத்தியபோது காரணம் கேட்டால், உங்களுக்கே தெரியவில்லையா என்கிற மாதிரி பார்ட்டில்பி பதில் சொல்கிறான். அப்போதுதான் வக்கீல் அவன் கண்களைப் பார்க்கிறார். ஒளி மங்கிப்போயிருக்கின்றன. அந்த ஜன்னலோரத்தில் இடைவிடாமல் எழுதியதால் பார்வை கெட்டிருக்கலாம் என்று இரக்கப்படுகிறார். மேஜையை அங்கே போட்டவர் தான்தான் என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

அப்படியானால் இது கூலிப் போராட்டமா?

முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. 1850இல் அதே நியூயார்க்கில் தையல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து போலீஸோடு மோதினார்கள். அவர்களுக்குக் கோரிக்கை இருந்தது, சங்கம் இருந்தது. பார்ட்டில்பி எதையும் கேட்கவில்லை. கூலி கொடுக்கும் வேலையையும்கூட பிறகு விட்டுவிட்டான். கார்ல் மார்க்ஸ் 'அந்நியமாதல்' பற்றி 1844இல் எழுதிய குறிப்புகளைத் தெரிந்துகொண்டு மெல்வில் எழுதியிருக்கவும் வாய்ப்பில்லை. அவை முழுமையாக அச்சானது 1932இல்தான். ஆனாலும் அந்தக் குறிப்புகளுக்கு உதாரணம் தேடுபவர்கள் இந்த ஆபீஸுக்கு வந்துவிடுகிறார்கள். காரணம் புரிகிறது. தன் கையால் எழுதியது எதுவும் தன்னுடையது அல்ல என்ற நிலைக்கு நகலெடுப்பவனைவிட வேறு யாரைக் காட்ட முடியும்?

லியோ மார்க்ஸ் என்ற விமர்சகர் 1953இல் வேறு விளக்கம் தந்தார். பார்ட்டில்பி என்பது மெல்விலேதான். வாசகர்கள் கேட்கிற மாதிரியே எழுத மறுத்த எழுத்தாளன் என்றார். இதற்கும் ஆதாரம் உண்டு. 1851இல் வந்த 'மோபி டிக்' விற்கவில்லை. அடுத்த வருடம் வந்த 'பியர்' நாவலை விமர்சகர்கள் கிழித்துப்போட்டார்கள். அதன்பிறகுதான் பக்கத்துக்கு ஐந்து டாலர் என்று பத்திரிகைக்குக் கதை எழுத வந்தார் மெல்வில். அதுவும் ஒரு பீஸ் ரேட்தானே!

கணக்குப் புத்தகமும் கொலையும்

கதையில் ஒரு இடத்தில், யாரும் இல்லாத ஆபீஸில் பார்ட்டில்பியோடு தனியாக இருக்கும்போது வக்கீலுக்கு ஆத்திரம் தலைக்கேறுகிறது. அப்போது அவருக்கு ஒரு நிஜக் கொலை நினைவுக்கு வருகிறது. 1841 செப்டம்பரில் நியூயார்க்கில் ஜான் கோல்ட் என்பவர் தன் ஆபீஸ் அறையில் சாமுவேல் ஆடம்ஸ் என்ற அச்சக உரிமையாளரைக் கொன்றார். ரிவால்வர் புகழ் சாமுவேல் கோல்ட்டின் அண்ணன்தான் இந்த ஜான். தூக்கிலிட வேண்டிய நாளில், 1842 நவம்பரில், டூம்ப்ஸ் சிறைக்குள்ளேயே இறந்துகிடந்தார்.

சண்டை எதற்கு? புத்தகம் அச்சடித்த பாக்கிக்கு. என்ன புத்தகம்? இரட்டைப் பதிவுக் கணக்கியல் பாடநூல்! பற்றும் வரவும் சமமாக வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர், தன் சொந்தக் கணக்கைக் கொலையில் முடித்தார். மனித நடமாட்டமில்லாத ஆபீஸ் அறையும் அந்தக் கொலைக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறார் வக்கீல். வீட்டிலோ தெருவிலோ இருந்திருந்தால் கை ஓங்கியிருக்காது என்பது அவர் எண்ணம். 1850களின் ஆபீஸைப் பற்றி மெல்வில் சொன்ன கடுமையான வார்த்தை இதுவாகத்தான் இருக்கும்.

வேலை போன இரண்டு பேர்

கதையின் முதல் பக்கங்களிலேயே வக்கீல் ஒரு புலம்பல் வைக்கிறார். அவருக்குச் சான்சரி நீதிமன்றத்தில் நல்ல வரும்படியுள்ள ஒரு பதவி கிடைத்திருந்தது. ஆயுள் முழுக்க வரும் என்று நம்பியிருந்தார். 1846இல் வந்த நியூயார்க் மாநிலத்தின் புதிய அரசியல் சட்டம் அந்த நீதிமன்றத்தையே ஒழித்துவிட்டது. அநியாயம் என்று கொதிக்கிறார்.

கதையின் கடைசியில் ஒரு வதந்தி. பார்ட்டில்பி முன்பு வாஷிங்டனில், உரியவருக்குச் சேராத கடிதங்கள் வந்து குவியும் தபால் அலுவலகத்தில் கடைநிலைக் குமாஸ்தாவாக இருந்தானாம். ஆட்சி மாறியதும் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்களாம். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஜனாதிபதி ஜாக்சன் 1829இல் பதவிக்கு வந்ததிலிருந்து, ஜெயித்த கட்சி தன் ஆட்களுக்கு அரசு வேலைகளைப் பங்கு போடுவது ஊரறிந்த வழக்கம். தேர்வு வைத்து ஆள் எடுக்கும் சட்டம் 1883இல்தான் வந்தது.

ஆக, அரசாங்கத்தின் ஒரே ஒரு முடிவில் வேலை போனவர்கள் இந்தக் கதையில் இரண்டு பேர். ஒருவருக்குக் கொதிக்க உரிமை இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது, விழுந்தால் தாங்க ஆஸ்டர் மாதிரி கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். மற்றவனுக்கு ஒரு வதந்திதான் மிச்சம்.

முடியாத கணக்கு

பார்ட்டில்பியை அனுப்ப வக்கீல் செய்த கணக்கைப் பாருங்கள். தரவேண்டிய பாக்கி 12 டாலர், அதாவது 30,000 சொற்களின் கூலி. மேற்கொண்டு 20 டாலர் தர்மம். மொத்தம் 32 டாலரை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார். பேரேட்டின்படி கணக்கு நேராகிவிட்டது. பார்ட்டில்பி அந்தப் பணத்தைத் தொடவே இல்லை.

வக்கீல் கெட்டவர் அல்ல. வேறு வேலை தேடித் தருகிறேன் என்கிறார், என் வீட்டுக்கு வா என்று கூப்பிடுகிறார், சிறையில் நல்ல சாப்பாடு கொடுக்கக் காசும் தருகிறார். நம்மில் பலர் இந்த அளவுகூடச் செய்யமாட்டோம். அதனால்தான் கதை உறுத்துகிறது. கெட்ட முதலாளி என்றால் திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். இங்கே ஒரு நல்ல மனிதர், தன் ஆபீஸில் ஒருவன் படுத்து உறங்கி, ஜிஞ்சர் பிஸ்கட் தின்று, கைக்குட்டையில் சில்லறை முடிந்து வைத்து வாழ்கிறான் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை தற்செயலாகத்தான் கண்டுபிடிக்கிறார். கூலி கொடுத்த நாளெல்லாம் அவன் யார் என்று தெரிந்துகொள்ள அவசியமே வரவில்லை.

2011இல் வால் ஸ்ட்ரீட்டை முற்றுகையிட்டவர்கள் இந்தக் கதையை அங்கேயே உரக்க வாசித்தார்கள். ஆனால் மெல்வில் தன் வாழ்க்கையில் தன் நாயகனைப் பின்பற்றவில்லை. அப்பா கடனாளியாகி இறந்தபின் பன்னிரண்டு வயதில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் அவர். 1866இல் நியூயார்க் துறைமுகச் சுங்கத்தில் இன்ஸ்பெக்டர் வேலைக்குப் போனார். நாளுக்கு நாலு டாலர். பார்ட்டில்பியின் கூலியில் பத்தாயிரம் சொற்கள். 1885 வரை பத்தொன்பது வருடம் மறுக்காமல் போய்வந்தார். குடும்பம் இருந்தது, போகாமல் முடியாது.

மறுத்தவன் செத்தான், மறுக்காதவர் பிழைத்தார். எது சரி என்று கதை தீர்ப்புச் சொல்லவில்லை. சம்பளப் பட்டியலில் இருக்கும் ஒரு பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று, அவர் வேலையை நிறுத்தும் முன்பே கேட்டிருக்கலாமே என்பதுதான் அது விட்டுச்செல்லும் பாக்கி.