தேரிக்காட்டின் டிசம்பர்: கிறிஸ்துமசுக்கு ஊர் திரும்பும் வழக்கத்தின் வரலாறு

தாமிரபரணிக்குத் தெற்கே, திருச்செந்தூருக்கும் வள்ளியூருக்கும் இடையே, காற்று குவித்த செம்மணல் மேடுகள் நிறைந்த நிலப்பகுதி தேரி எனப்படுகிறது. பனையும் உடைமரமும் மிகுந்த இந்நிலத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் அமைந்துள்ள சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர்களின் ஊர்கள், ஆண்டின் பெரும்பகுதியில் பூட்டிய வீடுகள் பலவற்றோடு இருந்து, டிசம்பர் கடைசி வாரத்தில் நிறைந்துவிடுகின்றன. சென்னை, மும்பை, பெங்களூரு, வளைகுடா நாடுகள் என்று பிழைப்புக்காகச் சிதறியவர்கள் அந்த ஒரு வாரத்துக்குப் பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் வந்து இறங்குகிறார்கள். இதைச் சமயத்தின் இயல்பான பகுதியாகவே பலரும் கருதுகின்றனர். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் யோசேப்பு தன் முன்னோரின் ஊராகிய பெத்லகேமுக்குப் போனதாக வருவது உண்மைதான். எனினும் அது குடிமதிப்புக்காக அரசாணைக்குக் கீழ்ப்படிந்து சென்ற பயணம். பிறப்புப் பண்டிகையைச் சொந்த ஊரில்தான் கொண்டாட வேண்டும் என்று எந்தச் சபையும் விதி வகுத்ததில்லை. திருநெல்வேலிச் சீமையில் இவ்வழக்கம் உருவானதற்கு, மிஷன் ஊர்கள் அமைந்த விதமும், அவ்வூர்களில் நின்றுபோன பழைய விழாக்களும், ஆங்கிலேயரின் அலுவலக நாட்காட்டியும், இருப்புப்பாதையும் சேர்ந்தே காரணமாயின.

திரும்புவதற்கு ஓர் ஊர் வேண்டும் என்பதால் ஊர்களின் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சாத்தான்குளம் வட்டாரத்தில் சமயம் மாறிய குடும்பங்கள் தம் ஊர்களில் எதிர்ப்பைச் சந்தித்தபோது, தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் (சபை மக்களுக்குப் போதித்து வழிநடத்தும் ஊழியருக்கு அந்தப் பெயர்) ஓர் ஆங்கிலப் படை அதிகாரியின் பண உதவியோடு நிலம் வாங்கி, 1799-இல் அவர்களைத் தனியே குடியேற்றினார். அவ்வாறு எழுந்த முதல் கிறிஸ்தவக் குடியிருப்பே முதலூர். பின்னர் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், கிறிஸ்தியானகரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம் என்று இவ்வகை ஊர்கள் பெருகின. 1827-இல் ரேனியஸ் என்னும் மிஷனரி அமைத்த ஊர், நிலம் வாங்கப் பணம் அனுப்பிய பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவின் பெயரால் டோனாவூர் ஆயிற்று. மற்றொரு மிஷனரியான கால்டுவெல் 1841-இல் இடையன்குடிக்கு வந்து தெருக்களை நேர்கோட்டில் வகுத்தார். அங்கே அவர் எழுப்பிய ஆலயம் 1880-இல்தான் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இவ்வூர்களின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்: நடுவில் கோயில், அருகில் பள்ளி, சுற்றிலும் தெருக்கள், புறத்தே கல்லறைத் தோட்டம். ஒருவர் பிறப்பும் படிப்பும் மணமும் அடக்கமும் ஒரே பதிவேட்டில் எழுதப்படும் இடமாக ஊர் ஆனபின், வெளியூரில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அந்தப் பதிவேட்டிலிருந்து தம் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் கடமையாயிற்று. சங்கக் காணிக்கை எனப்படும் உறுப்பினர் கட்டணத்தை வெளியூரில் இருப்போரும் ஊர்ச் சபைக்குச் செலுத்திவரும் வழக்கம் பல இடங்களில் இன்றும் உள்ளது.

ஆயினும் சிதறிய உறவினர் ஆண்டுக்கு ஒருமுறை ஊரில் கூடுவது இம்மக்களுக்கு மிஷனரிகள் கற்றுக்கொடுத்த வழக்கமன்று. தென்பாண்டி நாட்டில் சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் முதலிய தெய்வங்களுக்கு எடுக்கப்படும் ஆண்டு விழா கொடை எனப்படும். அதற்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வகுத்த பங்கு, ஊரில் இருப்பவரிடமும் ஊரை விட்டுப் போனவரிடமும் வாங்கப்படும். வில்லுப்பாட்டு இரவு முழுதும் நடக்கும். படைத்த உணவு பங்காளிகளுக்குப் பிரித்துத் தரப்படும். கொடைக்கு வராதவன் உறவிலிருந்து ஒரு படி விலகியவனாகவே எண்ணப்பட்டான். சமயம் மாறியவர்கள் முதலில் துறக்க வேண்டியிருந்தது இந்தக் கொடையைத்தான். கால்டுவெல் 1849-இல் பனைத்தொழில் சார்ந்த நாடார் மக்களைப் பற்றி எழுதிய நூலில் இவ்வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே குறித்துக் கடுமையாகப் பேசினார். அந்நூல் பின்னாளில் அம்மக்களின் மனத்தை வெகுவாகப் புண்படுத்தியதும் வரலாறு. அவர் கண்ணில் பட்டது பலியும் ஆட்டமும். விழாவின் வழியே இயங்கிய உறவுக் கணக்கு, எவர் எந்தக் குடும்பம், யாருக்கு யார் முறை என்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட அந்தக் கணக்கு, அவர் எழுத்தில் உரிய இடம் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அண்டையில் இருந்த கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களோடு ஒப்பிட்டால், கொடையைத் துறந்ததால் நேர்ந்த வெற்றிடம் தெளிவாகும். 1530-களில் போர்ச்சுகீசியர் காலத்தில் சமயம் மாறிய பரதவர் மக்களுக்குத் தேவாலயத்தின் காவல் புனிதர் உண்டு. அவருக்குக் கொடியேற்றமும் சப்பரமும் தேரும் கொண்ட திருவிழாவும் உண்டு. தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5-ஆம் நாள் நிறைவுறுகிறது. மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா செப்டம்பர் 14-இல் நிகழ்கிறது. கடலோடிகளும் வணிகருமாக எங்கெங்கோ பரவிய அவ்வூர்க்காரர்கள் ஒன்றுகூடும் முதன்மையான நாட்கள் இவை. கிறிஸ்துமஸ் அவர்களுக்கு வீட்டுப் பண்டிகை. சீர்திருத்தச் சபை ஊர்களிலோ புனிதர் விழா விலக்கப்பட்டது, கொடையும் விலக்கப்பட்டது. உறவு கூடுவதற்கென்று இருந்த நாள் அற்றுப்போன இடத்தில், சபை முழுமனதோடு ஏற்ற பெரும் பண்டிகைகளுள் ஒன்றாகிய கிறிஸ்துமஸ் வந்து அமர்ந்தது. பழைய கொடையின் உறுப்புகளும் மெல்ல உள்ளே நுழைந்தன. குடும்பவாரியாகப் பணமும் அரிசியும் திரட்டி, பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டிறைச்சிக் குழம்பும் ஆக்கி, ஊர் முழுதும் ஒரே பந்தியில் உண்ணும் அசனம் என்னும் பொது விருந்து இச்சபைகளின் தனி அடையாளமாயிற்று. அதில் கொடைச் சோற்றின் சாயலைக் காண்பது தவறாகாது; ஊர்ப் பெரியவர்கள் இவ்வொப்பீட்டை விரும்பமாட்டார்கள்.

ஊரை விட்டுப் போனவர்கள் இருந்தால்தானே திரும்புவது என்பது எழும். பனைத்தொழில் மட்டுமே இருந்த காலத்தில் வெளியேற்றம் பெரும்பாலும் பருவத்தைச் சார்ந்தது. பதநீர் இறங்கும் மாதங்கள் முடிந்தபின் பிழைப்புத் தேடிப் போனவர் அடுத்த பருவத்துக்கு மீண்டுவிடுவர். நிலையாக வெளியேறச் செய்தது கல்வி. மிஷன் விடுதிப் பள்ளிகளில் சேர்ந்த சிறுவர் சிறுமியரே, பண்டிகை விடுமுறைக்காக வீடு திரும்பிய முதல் தலைமுறை எனலாம். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின்போது நாசரேத்தில் அனாதைப் பிள்ளைகளுக்கு அடைக்கலம் அளித்த மர்காசிஸ் ஐயர் (குருமாரை ஐயர் என்று அழைப்பது இச்சபைகளின் மரபு) 1878-இல் அங்கே தொழிற்பள்ளி தொடங்கினார். படித்து வெளிவந்தவர்கள் ஆசிரியராகவும் மருந்தாளராகவும் எழுத்தராகவும் சென்னை மாகாணம் எங்கும் போயினர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் இன்னும் காப்பித் தோட்டங்களாக இருந்த 1854-இலேயே, அங்கு வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களுக்கென்று ஒரு மிஷன் தொடங்கப்பட, திருநெல்வேலி உபதேசியார்கள் கடல் கடந்து சென்றனர். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா முன்நின்று 1903-இல் உருவாக்கிய இந்திய மிஷனரி சங்கம், ஊழியர்களைத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதிக்கு அனுப்பியது. அவரே 1912-இல் அங்கு ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். பேராயரின் ஊர் என்ற பெருமை வெள்ளாளன்விளைக்கு வந்தது. அவர் வாழ்வின் பெரும்பகுதியோ தோர்ணக்கல்லில் கழிந்தது.

போனவர்கள் ஏன் டிசம்பரில் திரும்பினர் என்பதற்கு விடை, பக்திக்கு நிகராக விடுப்பு விதிகளிலும் இருக்கிறது. அரசு அலுவலகங்களும் நீதிமன்றங்களும் பள்ளிகளும் ஆங்கிலேயரின் பண்டிகையை ஒட்டி ஆண்டின் கடைசி வாரத்தில் மூடப்பட்டன. அந்த ஓய்வு வாரத்தைச் சமயத் தொடர்பே இல்லாதவர்களும் நன்கு பயன்படுத்திக்கொண்டனர். வழக்கறிஞர்கள் வேலையற்றிருக்கும் நாட்கள் என்பதால் இந்திய தேசிய காங்கிரசின் முதல் மாநாடு 1885 டிசம்பர் 28-இல் பம்பாயில் கூடியது. 1887-இல் சென்னையில் கூடியதும் டிசம்பர் இறுதியில்தான். 1927 டிசம்பர் சென்னைக் காங்கிரசை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து மியூசிக் அகாதமி பிறந்தது. இன்றைய டிசம்பர் இசை விழாவின் வேரும் அங்கேதான். ஒரே விடுமுறை மயிலாப்பூர்க்காரருக்குக் கச்சேரியையும், முதலூர்க்காரருக்கு ஊர்ப் பயணத்தையும் தந்தது. விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடும் விடுமுறை கிறிஸ்துமசை ஒட்டியே நீடித்ததால், பிள்ளைகளின் படிப்பு கெடாமல் குடும்பத்தோடு ஊர் போக அந்த வாரத்தை விட்டால் கோடைதான் என்ற நிலை உறுதிப்பட்டது.

விடுப்பு பத்து நாள் என்றால் வழிப்பயணம் அதற்குள் அடங்க வேண்டும். சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாட்டு வண்டியில் வாரக்கணக்கில் போன காலத்தில் கிறிஸ்துமசுக்கு வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கும், மணியாச்சி வழியே திருநெல்வேலிக்கும் இருப்புப்பாதை வந்தபின்னரே ஆண்டுப் பயணம் கைகூடும் காரியமாயிற்று. அப்போதும் தேரிக்காட்டுக்காரர்களுக்குக் கடைசிப் பகுதி வண்டிப் பாதைதான். 1923-இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி–திருச்செந்தூர் மீட்டர் கேஜ் பாதை, முருகன் கோயிலுக்குச் செல்லும் பக்தர்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. அதன் நடுவே நாசரேத்துக்கு ஒரு நிலையம் கிடைத்ததால் சுற்றிலும் இருந்த சபைகளுக்கு அதுவே வாசலாயிற்று. சாத்தான்குளமும் முதலூரும் இடையன்குடியும் பாதையிலிருந்து ஒதுங்கியே இருந்தமையால் அங்கெல்லாம் இன்றுவரை பேருந்தே கதி.

இலங்கை வழி வேறு கதை. தொடக்கத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியதால் திருநெல்வேலியாருக்கு அக்கரை அருகிலேயே இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, போட் மெயில் எனப்பட்ட வண்டி தனுஷ்கோடி வரை சென்று, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் மாறும் ஏற்பாடு வந்தது. விடுதலைக்குப் பின் கடவுச்சீட்டும் விசாவும் குறுக்கே வந்து பயணத்தைச் சுருக்கின. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, கிறிஸ்துமசுக்கு மூன்று நாட்களுக்கு முன், புயல் தனுஷ்கோடியை அழித்தது; பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி கடலில் அடித்துச் செல்லப்பட்டு அதிலிருந்தோர் மாண்டனர். தனுஷ்கோடிக்கு மீண்டும் வண்டி ஓடவில்லை. கப்பல் இராமேசுவரத்திலிருந்து சில காலம் ஓடி, 1980-களில் இனப்போர் மூண்டபோது நின்றது.

வந்தவர்கள் ஊரில் செய்வன பெரிதும் மாறவில்லை. மார்கழிக் குளிரில் விடியுமுன் ஆர்மோனியமும் டோலக்கும் கொண்டு தெருத்தெருவாகச் செல்லும் பஜனை, பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சையில் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் மரபிலான கீர்த்தனைகளை இன்னும் விடவில்லை. மார்கழியில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கும் நாட்டில் விடியற்காலைப் பஜனை தோன்றியதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. வீடுகளில் கருப்பட்டிப் பாகில் பிடித்த முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் அதிரசமும் வாரம் முன்பே தயாராகிவிடும். டிசம்பர் 25 விடியுமுன் ஆராதனை. புத்தாடையோடு முழு ஊரும் கோயிலில் நிற்கும் அந்த நேரத்தில்தான் யார் வந்தார், யார் வரவில்லை என்பது தெரியவரும். அடுத்த நாள் தொடங்கி ஆண்டு முடியும்வரை திருமணங்கள் நெருங்கி நிகழும். மாப்பிள்ளை பெண் இரு வீட்டாரின் உறவும் அப்போதே ஊரில் இருக்கும் என்பதோடு, மீண்டும் ஒரு பயணச்செலவு மிச்சம் என்பதும் காரணம். ஆண்டின் கடைசி இரவு ஆராதனையோடு கூட்டம் கலையத் தொடங்கும். பழுதான கூரை, பங்கு பிரிக்காத பனங்காடு, கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஆகியவை பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த ஒரு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். முடியாதவை அடுத்த டிசம்பருக்குத் தள்ளிவைக்கப்படும்.

கொடைக்கும் கிறிஸ்துமசுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை இறுதியாகக் குறிப்பிட வேண்டும். கொடைகள் பெரும்பாலும் மழையற்ற மாதங்களில், தொழில் ஓய்வு நோக்கி, ஊரார் கூடி முடிவெடுத்த நாளில் நடப்பவை. கிறிஸ்துமஸ் நாளோ ஐரோப்பாவில் குறிக்கப்பட்டது. தென்கோடித் தமிழகத்தில் அது வடகிழக்குப் பருவமழையின் வாலில் விழுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் விரைவு வண்டி நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ இரண்டு நாள் சிக்கி நின்றது. அடியில் மண் அரித்துப்போன பாதை சீராகி வண்டி மீண்டும் ஓடியது 2024 ஜனவரியில்தான். அந்தக் கிறிஸ்துமசுக்கு நாசரேத் நிலையத்தில் எவரும் இறங்கவில்லை. வந்தவர்கள் பேருந்திலும் காரிலும் சுற்றி வந்தார்கள். அண்டாக்களை வெளியில் அடுப்பேற்றி ஆக்க வேண்டிய அசனத்தைச் சில ஊர்கள் கோடை விடுமுறையை ஒட்டி வைத்துக்கொள்வதற்கு இந்த மழையும் ஒரு காரணமாகலாம். வெளியூரில் வேலை பார்ப்பவர் அதற்கென்று மேலதிகாரியிடம் ஆண்டில் இரண்டாம் முறையாக விடுப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.