எழுத்தாணி முதல் சிலேட்டு வரை: நம் பிள்ளைகள் பார்த்திராத எழுதுகருவிகள்

குளுவாங் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் செம்பனை நன்றாகத் தெரியும். ஆனால் நம் முன்னோர் எழுதியது அந்த ஓலையில் அல்ல. செம்பனை மட்டையில் ஓலைகள் இறகுபோல ஒடுங்கியிருக்கும். எழுத உதவியது விசிறிபோல விரியும் பனை ஓலையும் தாளிப்பனை ஓலையும்தான். மலாய் மொழியில் 'லொந்தார்' என்பதும் இத்தகைய ஓலையையே குறிக்கும்.

ஓலையும் எழுத்தாணியும்

ஓலையை ஒரே அளவில் நறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றுவார்கள். பிறகு துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் அது சுவடி.

எழுத்தாணி கூர்மையான இரும்புக் கருவி. அது மையால் எழுதாது, ஓலையைக் கீறும். கீறிய இடத்தில் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும். கத்தியோடு சேர்ந்து மடங்கும் எழுத்தாணிக்கு மடக்கெழுத்தாணி என்று பெயர்.

ஓலை கிழியும் என்பதால் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். 'அம்மா' என்பது 'அமமா' என்றே இருக்கும். எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் தெரியாது. 'ர' எழுத்தும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். இடம் பார்த்துப் பொருள் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். தமிழ் தெரிந்தவர்கள்கூட இன்று சுவடி முன் திணறுவது இதனால்தான்.

ஓலை சில நூற்றாண்டுகளே தாங்கும். பூச்சி அரிக்குமுன் புதிய ஓலையில் படியெடுக்க வேண்டும். எடுக்காதவை அழிந்தன. பழைய சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும் உண்டு. மிஞ்சியவற்றைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் உ.வே.சாமிநாதையர். சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் அச்சில் தந்தார். யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887இல் பதிப்பித்தார்.

சிலேட்டும் மைக்கூடும்

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பி 'அ' எழுத வைப்பது அதன் நீட்சி. பின்னர் வந்தது சிலேட்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் படித்த தாத்தா பாட்டிகளுக்குச் சிலேட்டுக் குச்சியின் கிறீச்சொலி மறந்திருக்காது. தமிழகக் கிராமங்களில் கோவை இலையைத் தேய்த்துச் சிலேட்டைக் கறுப்பாக்குவார்கள். சிலேட்டில் ஒரு குறை உண்டு: அழித்தால் போச்சு. அதனால் படித்ததை மனத்தில் நிறுத்தியாக வேண்டும்.

தோட்ட அலுவலகத்தில் கிராணி செக்ரோல் எழுதியது மைக்கூட்டில் தொட்டெழுதும் பேனாவால். மை காய ஒற்றுத்தாள் வைப்பார்கள். பிறகு மை நிரப்பும் பேனா வந்தது, அதையும் பால்பாயிண்ட் ஓரங்கட்டியது.

உங்கள் வீட்டில் இருக்கிறதா?

தோட்டத்திலிருந்து தாமானுக்கு வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய டிரங்குப் பெட்டிதான். ஊரிலிருந்து கொண்டுவந்த ஓலை ஜாதகமோ மருந்துக் குறிப்போ அதில் இருக்கலாம். தூக்கி எறியுமுன் திறந்து பாருங்கள்.

• ஓலையை வளைக்காதீர்கள், நீரில் கழுவாதீர்கள், பசைநாடா ஒட்டாதீர்கள்.
• வரிசை மாறாமல் இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.
• பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு: புள்ளியே வைக்காமல் ஒரு வாக்கியம் எழுதி நண்பரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சுவடி வாசித்தவர்கள் பட்ட பாடு அப்போது புரியும்.