'ஹாபென்' எப்படி 'ஹாம்' ஆனது?

என்ர மச்சாள் போன வருசம் முழுக்க ஜேர்மன் படிச்சவா. மாப்பிள்ளை அங்க இருக்கிறார். வாழ்க்கைத்துணையோடு சேர ஜேர்மனிக்குப் போகிற எங்கட ஆக்கள் விசாவுக்கு முதலே ஏ1 தரத்தில் மொழி தெரியும் என்று காட்டவேண்டும், 2007இல் வந்த சட்டம். வாசிப்பும் எழுத்தும் அவாவுக்குப் பிரச்சினையில்லை. கேட்டல்தான் தலையிடி. 'ஹாபென்' என்றால் 'வைத்திருத்தல்' என்று பாடமாக்கினவாவுக்கு, போனில் கதைக்கிற ஜேர்மன்காரர் வாயில் இருந்து 'ஹாம்' என்றுதான் கேட்டது. "புத்தகத்தில இல்லாத சொல்லெல்லாம் சொல்லுறாங்கள்" என்றா.

அது புதுச்சொல் இல்லை. வேகமாகச் சொல்லும்போது 'பெ'யில் உள்ள உயிர் விழுந்துவிடும். 'ப்'புக்காக மூடின உதடு திறக்க முதலே 'ன்' வருவதால் அது 'ம்' ஆகும். பிறகு 'ப்'பும் கரைந்துவிடும். ஐந்தைக் குறிக்கிற 'ஃபுன்ஃப்' பலர் வாயில் 'ஃபும்ஃப்' ஆவதும், 'இன் பெர்லின்' என்பது 'இம் பெர்லின்' ஆவதும் இதே உதட்டு வேலைதான். ஜேர்மன்காரர் ஒருவரும் இதைக் கேட்டு முழிப்பதில்லை. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்கவே கனகாலம் எடுத்தது. 1898இல் தியோடர் சீப்ஸ் என்ற பேராசிரியரும் நாடக அரங்குகளின் ஆக்களும் பெர்லினில் கூடி, மேடையில் ஜேர்மனை எப்படி உச்சரிக்கவேண்டும் என்று விதி எழுதினார்கள். பல ஊர்ப் பேச்சுக்கள் உள்ள நாட்டில் நடிகர்களுக்கு ஒரே உச்சரிப்பு தேவைப்பட்டது, சரிதான். ஆனால் அந்த மேடை உச்சரிப்பே பிறகு 'நல்ல ஜேர்மன்' என்பதற்கு அளவுகோலாகியது. அந்தக் கோலால் அளந்தால் 'ஹாம்' வெறும் சோம்பல். அவர்கள் பார்த்தது சொல்லுகிற வாயை. கேட்கிற காதை இல்லை.

காதின் பக்கம் கதையைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் ஒரு வங்காளி. கல்கத்தாவில் பிறந்த அதிதி லாஹிரி. 1991இல் வில்லியம் மார்ஸ்லன்-வில்சனோடு சேர்ந்து வங்காளச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் துண்டு துண்டாகக் கேட்கவைத்துச் சோதித்தார். பிறகு ஜேர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2000இல் அந்த நாட்டின் பெரிய ஆய்வுப் பரிசான லைப்னிட்ஸ் பரிசையும் வாங்கினார். இந்த விசயத்தில் ஜேர்மன் காதைப் பற்றி ஜேர்மன்காரருக்கே சொல்லிக்கொடுத்தவர் எங்கட பக்கத்து ஆள் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

அவர் சொன்னது இதுதான். மனசுக்குள் இருக்கிற அகராதியில் எல்லா ஒலியும் முழுசாக எழுதப்பட்டில்லை. 'ம்' என்றால் 'உதடு' என்று குறித்திருக்கும். 'ன்', 'ட்' போன்ற நுனிநா ஒலிகளுக்கு அந்த இடம் வெறுமை. ஆகவே 'ன்' வரவேண்டிய இடத்தில் 'ம்' வந்தால் முரண்பட அங்கே ஒன்றும் எழுதியில்லை, சொல் பிடிபடும். 'ம்' உள்ள இடத்தில் 'ன்' வந்தால் முட்டும். மன்னிப்பு ஒருவழிப் பாதை. இரைச்சல் என்று பொருள்படும் 'லேர்ம்' என்பதை 'லேர்ன்' என்று சொன்னால் காது விடாது. சொல்லுகிறவர்களும் அப்படி மாற்றுவதில்லை.

2006இல் லாஹிரியும் கூட்டாளிகளும் மூளையின் மின்னலைகளில் இதைத் தேடினார்கள். கூட்டம் என்ற 'ஹோர்டெ'யை 'ஹோர்பெ' என்றும், ஒத்திகை என்ற 'ப்ரோபெ'யை 'ப்ரோடெ' என்றும் கெடுத்துக் கேட்கவைத்தார்கள். இரண்டும் இல்லாத சொற்கள். 'ப்ரோடெ'க்கு மூளை 'இது சொல்லில்லை' என்று தெளிவாகக் காட்டியது. 'ஹோர்பெ'யில் அந்த மறுப்பு மங்கலாகத்தான் இருந்தது.

எல்லாரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. காரெத் காஸ்கல், அதே மார்ஸ்லன்-வில்சனோடு சேர்ந்து, 1996இலேயே வேறு விளக்கம் வைத்தார். அவர்கள் சோதித்தது ஆங்கிலத்தில். அடுத்து வருகிற ஒலியைப் பார்த்துத்தான் காது மன்னிக்கிறது; பின்னால் உதட்டொலி வந்தால்தான் 'ன்'னுக்குப் பதில் 'ம்' செல்லும் என்றார்கள்.

எனக்கு இரண்டாவது கட்சிதான் நியாயமாகப் படுகுது. காரணம் எங்கட வாய். 'மரம்' 'தான்'ஓடு சேர்ந்தால் 'மரந்தான்'. 'பணம் குடு' என்பது 'பணங்குடு'. இங்க மாறுவது உதட்டொலியான 'ம்'. லாஹிரியின் கணக்கில் அசையக்கூடாத ஒலியே அதுதான். ஆனாலும் 'மரந்தான்' என்று கேட்டு ஒருவரும் குழம்புவதில்லை. பின்னால் வருகிற 'தா'வே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. நுனிநா ஒலிக்கு மட்டும் வெற்றிடம் என்பதை உலகத்துக்கே பொதுவான விதியாக்க முதல் தமிழ்க் காதையும் ஒருக்கா உட்கார வைத்துக் கேட்டிருக்கவேணும்.

மச்சாள் சோதனை பாஸ். இப்ப அங்க. போன கிழமை விலை சொல்லேக்க அவாவே 'ஃபும்ஃப்' என்றா. நான் திருத்தப் போனேன், "இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான்" என்று போனை வைச்சிட்டா.