டேரா போட்ட துரை: மதுராந்தகம் ஏரிக்கரையில் ஒரு மழை ராத்திரி

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க வாட்ஸப் குரூப். தாம்பரத்துல இருந்து பைக்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஏதாவது ஒரு ஏரிக்கரை, டென்ட் போட்டு ஒரு ராத்திரி. நவம்பர் கடைசியில போனா ஏரி தளும்பி நிக்கும், போட்டோ அள்ளும்னு பிளான். ஒருத்தர் மதுராந்தகம்னார், இன்னொருத்தர் வேடந்தாங்கல்னார். டென்ட் வாடகை வரைக்கும் பேசியாச்சு. அப்போதான் நான் ஒண்ணு கேட்டேன்: டென்ட்டை கரைக்கு எந்தப் பக்கம் போடப் போறோம்?

குரூப் அமைதியாயிடுச்சு. யாருக்குமே தெரியல. கேட்ட எனக்கும்தான்.

இத்தனைக்கும் ஏரிக்கரையில தங்குறது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. தாம்பரத்துக்கு மேற்கே கொஞ்ச தூரத்துல மணிமங்கலம் இருக்கு, பெரிய ஏரி உள்ள ஊர். ஏழாம் நூற்றாண்டுல பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடிச்ச இடங்கள்ல இதுவும் ஒண்ணுன்னு கூரம் செப்பேடு சொல்லுது. ஒரு படை வந்து இறங்கினா ஆளுக்கும் குதிரைக்கும் யானைக்கும் தண்ணி வேணும். ஏரி உள்ள ஊர்ல போர் நடந்ததுல ஆச்சரியமே இல்ல. அந்தக் காலத்துல அதுக்குப் பேரு பாசறை. அப்புறம் முகாம் வந்துச்சு, டேரா வந்துச்சு, வெள்ளைக்காரன் காலத்துல கேம்ப் வந்துச்சு. தாலுக்கா ஆபீஸ்ல இன்னைக்கும் 'ஐயா கேம்ப்ல இருக்காரு'ன்னு சொல்றாங்கல்ல? அந்தக் கேம்ப் ஒரு காலத்துல நிஜமாவே டென்ட்தான். கலெக்டர் ஊர் ஊரா போய், தோப்புல கூடாரம் அடிச்சு, கணக்கு பார்ப்பார். அப்படி டேரா போட்ட ஒரு துரையோட கதைதான் இது.

பேரு லயனல் பிளேஸ். 1794ல இருந்து 1798 வரைக்கும் கம்பெனி ஜாகீரோட கலெக்டர். ஜாகீர்னா சென்னையைச் சுத்தி, இன்னைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் எல்லாம் சேர்ந்த பகுதி. ஆற்காடு நவாப் முகமது அலி 1763ல கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தது. 1780ல ஹைதர் அலி படையெடுத்து வந்தார். அந்த வருஷம் செப்டம்பர் 10ல காஞ்சிபுரம் பக்கத்துல பொள்ளிலூர்ல கம்பெனிப் படைக்குச் செம அடி. போருக்குப் பின்னாடியே பஞ்சம். ஜனங்க ஊரை விட்டே போயிட்டாங்க. ஆள் இல்லாத ஊர்ல ஏரிக்கரைக்கு மண்ணு போட யார் இருக்கா?

இங்க கொஞ்சம் நின்னு, ஏரின்னா என்னன்னு பார்த்துடலாம். நம்ம பக்கத்து ஏரி பெரும்பாலும் பள்ளம் தோண்டினது இல்ல. சரிவான நிலத்துல மழைத்தண்ணி ஓடி வர்ற வழியை மறிச்சு, பிறை மாதிரி வளைவா ஒரு மண்கரை. கரைக்கு மேல்பக்கம் தண்ணி, கீழ்பக்கம் வயல். வயலுக்குத் தண்ணி விட மதகு. ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி வழிய கலங்கல், கரையோட உச்சியை விடக் கொஞ்சம் தாழ்வா கட்டினது. வழியற தண்ணி கால்வாய் வழியா அடுத்த ஏரிக்குப் போகும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம்னு சங்கிலி மாதிரி போய் பள்ளிக்கரணையில சேருதே, அதே கணக்கு. கலங்கலால தாங்க முடியாத அளவு தண்ணி வந்தா அது கரை மேல ஏறி வழியும். மண்கரை மேல தண்ணி வழிய ஆரம்பிச்சா கதை முடிஞ்சது, அரிச்சு அரிச்சு உடைஞ்சிடும். உத்திரமேரூர் கல்வெட்டுல பத்தாம் நூற்றாண்டுலயே ஏரி வாரியம்னு ஒரு குழு வருதுன்னா, இந்தப் பயம் அவ்வளவு பழசு.

பிளேஸ் வந்ததும் ஏரிகளை ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சார். தர்மத்துக்கு இல்ல. ஏரி நிரம்பினாதான் நெல்லு, நெல்லு விளைஞ்சாதான் கம்பெனிக்கு வரி. வரி விஷயத்துல மனுஷன் ரொம்பக் கறார், மிராசுதார்களோட பெரிய மோதலே நடந்துச்சு. அவரை நல்லவர்னு நான் சொல்ல வரல. ஆனா கரை மேல நடந்து பார்த்த கலெக்டர்.

இப்ப மதுராந்தகம். மாவட்டத்துலயே பெரிய ஏரி. அங்க சொல்ற கதை இது: மழைக்காலம், கரை ஏற்கெனவே பலவீனமா இருக்கு, தண்ணி ஏறிக்கிட்டே போகுது. துரை ஏரிக்குப் பக்கத்துலயே முகாம் போட்டிருக்கார். ராமர் கோயில் ஆளுங்க, தாயார் சன்னதியைக் கட்டித் தரச் சொல்லிக் கேக்குறாங்க. 'உங்க ராமர் இந்த ஏரியைக் காப்பாத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்'னு துரை சொல்றார். அன்னைக்கு ராத்திரி கொட்டுற மழையில கரையைப் பார்க்கப் போறார். கரை மேல வில்லோட ரெண்டு பேர் காவல் நிக்கிறாங்க. காலையில ஏரி உடையல. சாமிக்கு ஏரி காத்த ராமர்னு பேர் வந்துச்சு. துரை சொன்னபடி சன்னதியைக் கட்டினார். அவர் பேரைச் சொல்ற கல்வெட்டு கோயில்ல இன்னைக்கும் இருக்கு.

அந்த ராத்திரி அவர் எதைப் பார்த்தார்னு வரலாறு சொல்ல முடியாது. எனக்குப் பிடிச்சது வேற ஒரு விஷயம். நாட்டையே ஆளுற கம்பெனியோட அதிகாரி, அத்தனை ஆள் அம்போட, ஒரு மண்கரை தாங்குமா தாங்காதான்னு தூக்கம் இல்லாம மழையில நடக்கிறார். கதையை எப்படித் திருப்பினாலும் அந்தப் பயம் மட்டும் நிஜம்.

தாம்பரத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2015 டிசம்பர் 1, ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. அன்னைக்கு ராத்திரி செம்பரம்பாக்கத்துல இருந்து 29,000 கன அடி திறந்ததைப் பத்திதான் இன்னமும் பேசுறோம். ஆனா முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கினதுக்கு அந்தத் தண்ணி காரணம் இல்ல. செம்பரம்பாக்கம் தண்ணி அடையாறுல சேர்ற இடம் முடிச்சூருக்குக் கீழே இருக்கு. இவங்களுக்கு வந்தது மேல ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள்ல இருந்து வந்த தண்ணி. ஏரி நிரம்பினா மிச்சம் எந்த வழியா போகும்னு கேக்காமலே வீடு கட்டினோம். எங்க டென்ட் பிளான்ல விட்டுப்போனதும் அதே கேள்விதான்.

வேடந்தாங்கலுக்கும் இதே துரைதான் வர்றார். அங்க பறவைகளைச் சுட்டவங்களைப் பத்தி ஊர்க்காரங்க புகார் பண்ண, 1790களோட கடைசியில பிளேஸ் அவங்களுக்கு ஒரு கவுல், அதாவது எழுத்துமூலமான உத்தரவாதம் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம்னு ஊருக்குத் தெரியும். சரணாலயம்னு ஒரு வார்த்தை சட்டத்துக்கு வர்றதுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே அவங்க காவல் காத்தாங்க. அதனால அங்க ஏரிக்கரையில டென்ட், புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் நடக்காது, நடக்கவும் கூடாது.

சரி, எங்க பிளான் என்னாச்சு? பிப்ரவரிக்குத் தள்ளியாச்சு. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சிருக்கும், ஏரியில தண்ணியும் இருக்கும், வேடந்தாங்கல்ல பறவையும் இருக்கும். டென்ட் கரை மேலயும் இல்ல, கலங்கலுக்குக் கீழயும் இல்ல, காஞ்சு கிடக்கிற கால்வாய்லயும் இல்ல. மேட்டுல, சொந்தக்காரர்கிட்ட கேட்டு, ஒரு தோப்புல. கலெக்டர்கள் டேரா போட்டதும் தோப்புலதானே. காலையில மதுராந்தகம் போய் அந்தக் கல்வெட்டைத் தேடணும். கோயில் நடை சாத்துறதுக்குள்ள போகணும், அதனால அஞ்சு மணிக்கு அலாரம். குரூப்புல இப்போதைக்குச் சண்டை அது ஒண்ணுக்குத்தான்.