ஒரு மணிக்கட்டு எக்ஸ்ரேவும் அமெரிக்கக் குடியேற்றச் சட்டமும்

அரசு ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு அடிக்கடி போலீஸ் மெமோவோடு ஒரு கேஸ் வரும்: "வயதை நிர்ணயித்துச் சான்று தரவும்." மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு எக்ஸ்ரே எடுத்து, பல் எண்ணிப் பார்ப்போம். எவ்வளவு பார்த்தாலும் "17-க்கு மேல், 19-க்குள்" என்றுதான் எழுத முடியும். 18 என்ற கோடு சரியா அந்த இடைவெளிக்குள்ள கிடக்கும்.

அமெரிக்க எல்லையில் பெற்றோர் இல்லாமல் தனியா வந்து பிடிபடும் பிள்ளைகளுக்கும் இதே கோடுதான். 18 முடியலன்னா ஒரு சட்டம், முடிஞ்சா வேற சட்டம். இது எப்படி வந்துச்சுன்னு ஒரு இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

ஆரம்பம் 1985. உள்நாட்டுப் போர் நடந்துட்டிருந்த எல் சால்வடாரில் இருந்து வந்த ஜென்னி ஃப்ளோரஸுக்கு வயசு 15. பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் நேரில் வந்தால்தான் விடுவோம், வேறு உறவினரிடம் விட மாட்டோம் என்றது குடியேற்றத் துறை. அடைச்சு வெச்ச இடம், வேலி போட்ட ஒரு பழைய மோட்டல். முன்பின் தெரியாத பெரியவங்களும் அங்கேயே. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1993-ல் 7-2 என்று அரசு ஜெயிச்சது. ஆனாலும் 1997-ல் அரசே சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது: தேவையில்லாம தாமதிக்காம உறவினரிடம் விடணும், அதுவரை பிள்ளைகளுக்கேத்த இடத்தில் வைக்கணும்.

2002-ல் இந்தப் பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பு, பிடிக்கிற துறையிடமிருந்து சுகாதாரத் துறைக்கு மாறியது. என் பார்வையில் இந்தக் கதையிலேயே நல்ல முடிவு இதுதான்.

2008 சட்டம் இன்னும் தெளிவு. 72 மணி நேரத்துக்குள் பிள்ளையைச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைக்கணும். மெக்சிகோ, கனடா பிள்ளைகளை விசாரிச்சுட்டு எல்லையிலிருந்தே திருப்பி அனுப்பலாம்; மத்த நாட்டுப் பிள்ளைகள் குடியேற்ற நீதிபதி முன்னால் போகணும். அதே சட்டத்தில் ஒரு சின்ன வரி: வயதைக் கணிக்க எக்ஸ்ரேயை மட்டுமே நம்பக் கூடாது.

ஏன் அந்த வரி? மணிக்கட்டு எக்ஸ்ரேயை ஒப்பிட உலகம் முழுக்கப் புரட்டும் க்ரூலிச்–பைல் அட்லஸ் வெளிவந்தது 1950-ல். படங்கள் ஓஹயோவின் கிளீவ்லாந்தில் 1930-களில் வளர்ந்த வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகளுடையவை. குவாத்தமாலா மலைக்கிராமத்துப் பையனின் எலும்பை அதோடு வெச்சுப் பார்க்கிறோம்! ஆண்களுக்கான கடைசிப் படம் 19 வயசுக்கு. ஆனா 16, 17-லேயே அந்த நிலைக்கு வந்துடும் ஆரோக்கியமான பையன்களும் உண்டு.

அங்கே நடைமுறை விதி இது: 18 முடிஞ்சிருக்க 75% வாய்ப்புன்னு மருத்துவக் கணிப்பு சொன்னால், பெரியவராக நடத்தலாம். மீதி 25% யாருங்க?

இன்னொரு பக்கமும் உண்டு. பெரியவர் ஒருத்தர் வயசைக் குறைச்சுச் சொல்லி பிள்ளைகள் விடுதிக்குள் வந்தா அதுவும் ஆபத்துதான். சட்டத்தின் தளர்வைக் காட்டியே கடத்தல்காரர்கள் பெற்றோரிடம் ஆசை காட்டுறாங்க என்ற வாதத்தையும் ஒதுக்க முடியாது. 2014 நிதியாண்டில் மட்டும் தென்மேற்கு எல்லையில் 68,000-க்கும் மேல் பிள்ளைகள் தனியா வந்து பிடிபட்டாங்க. அதிலிருந்து 2008 சட்டத்தைத் திருத்தணும்னு மசோதா மேல் மசோதா. 2023 மே 11-ல் 219-213 என்று கீழவையில் நிறைவேறிய மசோதா, மெக்சிகோ பிள்ளைகளுக்கான வேகமான திருப்பியனுப்புதலை எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் விரிக்கப் பார்த்தது. செனட் அதை எடுத்துக்கல. எடுத்திருந்தா, நீதிபதி கேட்க வேண்டிய கேள்வியை, பயந்து நிற்கிற பிள்ளையிடம் எல்லைக் காவலர் கேட்டு முடிச்சிருப்பார்.

நம்ம ஊர்ல 1982-லேயே ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: எக்ஸ்ரே கணிப்பில் ரெண்டு பக்கமும் ரெண்டு வருஷம் பிழை வரலாம். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவுப்படி பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று எதுவும் இல்லைன்னாதான் எலும்புச் சோதனை.

போன மாசம் எங்க வார்டுக்கு ஒரு பையன் வந்தான். எந்தச் சான்றும் இல்லை. வயசு கேட்டா, "வெள்ளம் வந்த வருஷம் பொறந்தேன்னு அம்மா சொல்லும் சார்" என்றான். எந்த வெள்ளம்னு அவனுக்கும் தெரியல. எக்ஸ்ரேயில் ரேடியஸ் எலும்பின் வளர்ச்சித் தகடு பாதி மூடி, பாதி மூடாம இருந்துச்சு. "16-க்கு மேல், 18-க்குள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.